ஆசூத்ரணமும் திட்டமும்: நெய்யாற்றின்கரை எல்லைப்பகுதியில் மக்கள் திட்டமிடலின் சொல்வரலாறு

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் அமைந்துள்ள நெய்யாற்றின்கரை வட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சியின் உட்பகுதியாக இருந்தது. அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரையையும் சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியது. அங்கு மலையாளம் பேசுவோரே பெரும்பான்மையினர் என்பதால் மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கையில் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. இவ்வாறு உள்வட்டமாக இருந்த ஒன்று மாநில எல்லையாயிற்று. பாறசாலை, குன்னத்துக்கால், வெள்ளறடை, பெருங்கடவிளை முதலிய ஊர்கள் கேரளத்தில் நிற்க, களியிக்காவிளை தமிழகத்தைச் சேர்ந்தது. ஆயினும் ஊர்ப்பெயர்கள் இக்கோட்டை மதிக்கவில்லை. புன்செய்த் தோட்டத்தைக் குறிக்கும் 'விளை' என்னும் ஈறு எல்லையின் இருபுறமும் ஒன்றே. தமிழின் ஐகார ஈறு மலையாளத்தில் அகரமாவதால் 'பெருங்கடவிள' என்று அங்கு எழுதப்படுகிறது, அவ்வளவே வேறுபாடு.

ஊர்ப்பெயர்களில் காணும் இவ்வொற்றுமை ஊராட்சிச் சொற்களில் இல்லை. ஒரு குடியிருப்பு வளரும்போது அதன் பாதை, குடிநீர், விளக்கு, அங்கன்வாடி, விளையாட்டிடம் ஆகியவை எங்கு அமைய வேண்டும் என்பதை அங்கு வாழ்வோரே கூடி முடிவு செய்யும் முறை இரு மாநிலங்களிலும் ஏட்டளவிலேனும் உண்டு. ஒரே அரசியலமைப்புத் திருத்தமே (73ஆவது திருத்தம், நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24) இரண்டுக்கும் அடிப்படை. இரு மாநிலங்களும் தத்தம் பஞ்சாயத்துச் சட்டத்தை 1994இல் இயற்றின. எனினும் அம்முறையைப் பேசுவதற்கு இரு மொழிகளும் கைக்கொண்ட சொற்கள் வெவ்வேறானவை. ஒரே சொல்லாக இருக்குமிடத்தும் பொருள் வேறு. மொழிபெயர்ப்பாளர் இடறுவது பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையிலேயே ஆகும்.

ஊரவை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் உத்தரமேரூரை நினைவுகூர்தல் தமிழ் ஆய்வுலகின் வழக்கம். முதற் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) அக்கல்வெட்டுகள் 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியே சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. ஏரியும் தோட்டமும் பொதுச் சொத்தாகப் பேணப்பட்டதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. ஆனால் அது ஒரு பிரமதேயத்தின் சபை. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட அகவையினரான ஆடவர்க்கே அதில் இடம். இன்றைய கிராம சபைக்கு அதை நேர்முன்னோடியாகக் காட்டுவது பொருந்தாது. சொல் மட்டும் வேறு வழியில் பிழைத்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் 'வாரியம்' என்பதை மீட்டெடுத்து மின்வாரியம், குடிநீர் வாரியம் எனப் பெரும் அரசு நிறுவனங்களுக்குச் சூட்டியது. ஊரார் கையில் இருந்த சொல் தலைநகர் அலுவலகத்தின் பெயராயிற்று. எல்லைக்கு அப்பால் 'வாரியம்' என்றால் வாரியர் குடும்பத்தின் இல்லம். குடிநீர் வாரியம் என்னும் தொடர் மலையாளிக்கு விந்தையாகவே ஒலிக்கும்.

தென் திருவிதாங்கூருக்கு வேறு சொன்மரபும் இருந்தது. நாஞ்சில் நாடு 12 பிடாகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பிடாகையார் கூடி வரிச்சுமையை எதிர்த்த செய்திகளை 18ஆம் நூற்றாண்டு ஆவணங்கள் கூறுகின்றன. மேற்கே 'கரை' என்பது குடியிருப்பு அலகாக வழங்கிற்று. 'கரயோகம்' என்னும் சொல் அதன் எச்சம். திருவிதாங்கூர் வருவாய்த் துறையோ இவற்றை விடுத்துப் 'பகுதி' என்னும் அலகை அமைத்து, அதன் தலைமைக்குப் பார்வத்தியக்காரரை நியமித்தது. குடிகள் தாமே வகுத்துக்கொண்ட அலகுக்கும் அரசு வகுத்த அலகுக்கும் இடையே பெயரளவிலும் இணக்கம் இல்லாத இந்நிலை புதியதன்று என்பதற்காகவே இது இங்குக் குறிக்கப்படுகிறது.

1996 ஆகஸ்ட் 17, கொல்லம் ஆண்டு 1172 சிங்கம் முதல் நாள், கேரளத்தில் 'ஜனகீயாசூத்ரணம்' தொடங்கப்பட்டது. ஒன்பதாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் மாநில ஒதுக்கீட்டின் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு அளிப்பதென அரசு முடிவு செய்து, அத்தொகையை எவ்வாறு செலவிடுவது என்பதை மக்களே வகுக்க வேண்டும் என்று பணித்தது. முதலில் வார்டுதோறும் கிராம சபை கூடித் துறைவாரிக் குழுக்களாகப் பிரிந்து குறைகளையும் தேவைகளையும் பட்டியலிட்டது. பின்னர் ஊராட்சியின் வரலாறும் வளங்களும் அடங்கிய 'விகசன ரேக' எழுதப்பட்டு 'விகசன செமினா'ரில் விவாதிக்கப்பட்டது. அதன்பின் பணிக்குழுக்கள் தனித்தனித் திட்ட வரைவுகளை உருவாக்கின. தொழில்நுட்பச் சரிபார்ப்பு இறுதியில் வந்தது. கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாசேரியில் சாஸ்திர சாகித்திய பரிஷத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிகழ்த்திய வள வரைபடச் சோதனை இதற்கு முன்மாதிரிகளுள் ஒன்று. உலக அளவில் 1989இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் தொடங்கிய பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்துடன் இது பலமுறை ஒப்பிடப்பட்டுள்ளது. அங்கு 'பங்கேற்பு' என்பது பெயரடை. இங்கோ 'ஜனகீய' என்பது பெயரடை. இவ்வேறுபாடு சிறிதன்று. பங்கேற்பு எனும்போது வேறொருவர் நடத்தும் செயலில் மக்கள் கலந்துகொள்கின்றனர். ஜனகீயம் எனும்போது செயலே மக்களுடையதாகிறது. தமிழில் இவ்வியக்கம் பற்றி எழுதியோர் 'மக்கள் திட்டம்' என்றும் 'மக்கள் பங்கேற்புத் திட்டமிடல்' என்றும் இருவகையாக எழுதினர். முன்னது மூலத்துக்கு நெருங்கியது. பின்னது தமிழக அரசாணைகளின் நடைக்கு நெருங்கியது.

இடர்ப்பாடு 'திட்டம்' என்னும் சொல்லிலும் உண்டு. மலையாளம் வகுக்கும் செயலை 'ஆசூத்ரணம்' என்றும், வகுக்கப்பட்டதைப் 'பத்ததி' என்றும், அதன் தனிக்கூறைப் 'புரோஜெக்ட்' என்றும் பிரித்து வழங்குகிறது. தமிழில் இம்மூன்றுக்கும் திட்டமே. சத்துணவுத் திட்டம், ஐந்தாண்டுத் திட்டம், சாலைத் திட்டம் ஆகிய மூன்றும் ஒரே சொல்லால் சுட்டப்படுகையில், 'ஊர்த் திட்டம் தயாரித்தல்' என்பதைக் கேட்கும் தமிழர் அரசிடமிருந்து வரும் உதவி ஒன்றையே எண்ணுவர். தாம் வகுக்க வேண்டியது என்னும் பொருள் பின்தங்கிவிடுகிறது. 'திட்டமிடல்' என்று தொழிற்பெயராக்கினால் ஓரளவு தெளிவு பிறக்கும். மறுபுறம், மலையாளத்தில் 'திட்டம்' என்றால் உறுதி, நிச்சயம். 'எனக்குத் திட்டமில்ல' என்று பாறசாலையில் ஒருவர் கூறினால், அவரிடம் திட்டம் ஒன்றுமில்லை என்று கொள்வது பிழை. அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை என்பதே பொருள்.

'குணபோக்தாவு' என்பதும் 'பயனாளி' என்பதும் ஏறத்தாழ நிகரானவை. ஆயினும் கேரளத்தில் பொதுப்பணிகளை ஒப்பந்தக்காரரிடம் விடாது பயனடைவோரே குழுவாகி நிறைவேற்றும் ஏற்பாடு 'குணபோக்த்ரு சமிதி' எனப்பட்டது. அங்கு அச்சொல் பணியைச் செய்விப்பவரையும் குறித்தது. தமிழில் 'பயனாளிகள் குழு' என்றால் பட்டியலில் பெயர் வந்தவர்களின் கூட்டம் என்னும் பொருளே முன்னிற்கிறது. பெறுபவர், செய்பவர் என்னும் இரு நிலைகளுள் எதைச் சொல் முன்னிறுத்துகிறது என்பதைப் பொறுத்துக் கூட்டத்தில் எழும் கேள்வியும் மாறும். 'எனக்குக் கிடைக்குமா' என்பது ஒரு கேள்வி; 'குழாய் எந்த வழியாகச் செல்ல வேண்டும்' என்பது மற்றொன்று.

மிகுந்த கவனம் வேண்டுவது 'அயல்கூட்டம்'. கேரளத்தில் வீடுகள் தத்தம் தோட்டங்களுக்கு நடுவே சிதறி அமைந்தவை. தமிழகச் சிற்றூர்போல் தெருவாகச் செறிந்தவை அல்ல. எனவே சில நூறு வீடுகள் கொண்ட வார்டு சபையிலும் எல்லோரும் பேச இயலாது என்று உணர்ந்து, நாற்பது ஐம்பது குடும்பங்கள் கொண்ட சிறு அவைகள் பல இடங்களில் உருவாக்கப்பட்டன. 1998 மே 17இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கம் அப்பெயரை மகளிர் குழுக்களுக்கு நிலைபெறச் செய்தது. மலையாளத்தில் அயல் என்பது அண்டை. தற்காலத் தமிழக வழக்கில் அயல் என்றவுடன் தோன்றுவன அயல்நாடும் அயலாரும். அருகிருத்தல் என்னும் பழம்பொருள் இலக்கியத்தில் உண்டெனினும் பேச்சில் அருகிவிட்டது. அண்டைவீட்டாரின் கூட்டம் தமிழகத்து வாசகருக்கு அந்நியர் கூட்டமாகத் தோன்றக்கூடும். ஈழத்தமிழருக்கு இவ்விடர் இல்லை. அயலவர், அயலட்டை என்னும் சொற்கள் யாழ்ப்பாணத்தில் நாள்தோறும் வழங்குவன. தமிழகத்தார்க்காக 'அண்டைக் குழு' என மாற்றுவதா, ஈழவழக்கைச் சான்றாகக் கொண்டு 'அயல்கூட்டம்' என்றே வைப்பதா என்பது மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்ய வேண்டியது. எல்லைப்பகுதித் தமிழர் செவியில் நாள்தோறும் விழும் சொல்லை அவர்கள் படிக்கும் ஏட்டிலும் வைப்பதே ஏற்புடையது. புதிய தூய சொல்லைத் தேடி அவர்களை மீண்டும் அந்நியராக்குதல் வேண்டா.

இரு மொழிக்கும் வேறுபாடின்றிப் பொதுவாய் நிற்பது 'புறம்போக்கு'. கணக்கில் வரி விதிக்கப்படாது புறத்தே விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். குளக்கரை, வண்டிப்பாதை, சந்தைத் திடல் ஆகியவை யாவும் அதில் அடங்கும். பேச்சுத் தமிழில் இச்சொல் வசையாகிவிட்டமை வருந்தத்தக்கது. எவருக்கும் உரிமையற்றது எனும் கருத்து எல்லோர்க்கும் உரியது எனும் கருத்தை விழுங்கிவிட்டது. கேரள ஊர்களில் புறம்போக்கு குறைவாதலால் பாதை அகலமாக வேண்டுமெனில் இருமருங்கிலும் உள்ளோர் தம் நிலத்தில் ஒரு கீற்றை விலையின்றி விட்டுக்கொடுக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் பாதை அங்கேயே நின்றுவிடும். ஆதலின் அண்டை வீடுகளின் இசைவே திட்டமிடலின் முதற்படி, வரைபடம் அதன்பின்னரே.

பெருங்கடவிளை ஒன்றியத்தைச் சேர்ந்த அம்பூரியில் காணிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். மூட்டுக்காணியின் தலைமையில் கூடிப் பேசும் வழக்கம் அவர்க்கு முன்பே உண்டு. மாநிலம் பழங்குடிக் குடியிருப்புகளுக்கென அமைத்த அவை 'ஊருகூட்டம்' எனப் பெயர் பெற்றது. எல்லா மனிதர்க்கும் உரிய இருப்பிடத்தைத் தமிழ் 'ஊர்' என்கிறது. ஆட்சி மலையாளத்திலோ அது பெரும்பாலும் பழங்குடிக் குடியிருப்புக்கே ஒதுங்கிவிட்டது. 'ஊர்க்கூட்டம்' எனத் தமிழில் பெயர்த்தால் இக்குறிப்பு முற்றிலும் மறையும். 'பழங்குடி ஊர்க்கூட்டம்' என விரித்தெழுதுவதே தக்கது.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்தவும், சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தம் மொழியில் எழுதி அம்மொழியிலேயே விடை பெறவும் வழிசெய்கிறது. கடிதத்துக்கு மொழியுரிமை உண்டு. கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலும் விகசன ரேகையும் கடிதமல்ல. குடிமகன் ஒருவர் தம் தெருவைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் அவர் கையில் தரப்படும் தாள் எம்மொழியில் உள்ளது என்பதைப் பரவலாக்கம் பற்றிய எழுத்துகள் போதிய அளவு பேசவில்லை. மொழியறிஞர் இதனைக் கேட்டல் வேண்டும்.

இன்று இச்சொற்கள் மற்றுமொரு சோதனைக்கு ஆளாகின்றன. கேரளத்தில் நகர்ப்புற மக்கள்தொகை 2001இல் ஏறத்தாழ 26 விழுக்காடாக இருந்து 2011இல் 47.7 விழுக்காடாயிற்று. இவ்வுயர்வின் பெரும்பங்கு, ஊராட்சிகளாகவே ஆளப்பட்டுக் கணக்கெடுப்பில் மட்டும் நகரமாகக் குறிக்கப்பட்ட இடங்களால் ஆனது. நகரத்தாரே கூடும் அவைக்குக் கிராம சபை என்று பெயர். தமிழகத்திலோ 2022இல் மாநகராட்சி, நகராட்சி வார்டுகளைச் சிறு அலகுகளாகப் பிரித்து அவற்றின் அவைகளுக்குப் 'பகுதி சபை' எனப் பெயரிட்டனர். திருவிதாங்கூர்ப் பார்வத்தியக்காரரின் வரிக்கணக்கில் இருந்த 'பகுதி' எல்லையின் இப்பால் குடிமக்கள் கூடும் இடமாகியுள்ளது. களியிக்காவிளையைத் தாண்டிச் செல்லும் மொழிபெயர்ப்பாளர், பழைய ஆவணத்தில் அச்சொல்லைக் காணும்போது எந்தப் பகுதி என்று கேட்டே எழுத வேண்டும்.