உறையூர் மண்மாரியும் முக்கொம்பு மணலும்

உறையூர் மண்மாரியால் மூடுண்டு அழிந்தது என்னும் செய்தியைத் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் கேளாதார் இலர். தாயுமானவர்க்கெனச் சாரமா முனிவர் வளர்த்த செவ்வந்தி மலர்கள் அரண்மனைக்குக் களவு போயின. முறையிட்டும் வேந்தன் செவிசாய்த்தானில்லை. இறைவன் சினத்தால் ஊர்மேல் மண் பொழிந்தது. வீடிழந்த மக்கள் வெக்காளியம்மனிடம் அடைக்கலம் புகுந்தனர். அம்மன் இன்றும் கூரையின்றி வெட்டவெளியில் வீற்றிருப்பதற்கு இதனையே காரணமாகக் கூறுவர். வரலாற்று நூலார் இதனைப் புராணம் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஒதுக்குமுன் மண்ணையே சான்றுக்கு அழைத்தல் தகும் என்பது எம் கருத்து.

ஓர் ஊரை மணல் மூடுவதற்கு இயற்கையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காற்று, மற்றொன்று ஆறு. உறையூரைப் பொறுத்தவரை ஆற்றையே முதலில் ஐயுறவேண்டும். அதற்கு முக்கொம்பு வரை செல்லவேண்டும்.

முக்கொம்பில் காவிரி இரு கிளையாகிறது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி என்னும் பெயரையே தாங்கி உறையூரைத் தொட்டுச் செல்கிறது. இடைப்பட்ட அரங்கமே திருவரங்கமும் திருவானைக்காவும் அமைந்த தீவு. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது; வாட்டமும் மிகுதி. ஆதலின் நீர் அப்பக்கமே விரையும். தென்கிளையில் ஓட்டம் தளரவே, சுமந்துவந்த மணலை ஆறு அங்கேயே இறக்கிவிடும். படுகை ஆண்டுக்காண்டு மேடேறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பாசனம் நலிவுற்றது இதனால்தான். 1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டத் தொடங்கியதும் இதைத் தடுக்கவே. ஆழங்காணாத மணலில் அடித்தளம் நிறுத்தும் கலையைக் கல்லணை கட்டியோரிடமிருந்தே கற்றதாக அவரே எழுதியுள்ளார். வெள்ளையர் இவ்வளவு வெளிப்படையாகக் கடன் ஒப்புக்கொண்ட இடங்கள் மிகச் சில. அவ்வணையின் கொள்ளிடப் பகுதி மதகுகள் சில 2018 ஆகஸ்டு 22 அன்று வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்தன. ஆறும் மணலும் இன்னும் அடங்கிவிடவில்லை.

மேடேறிய படுகையில் பெருவெள்ளம் வருமாயின் கரை மீறும். மீறினால் தென்கரை ஊரில் மணல் பரவும். ஒரே இரவில் தெருவெல்லாம் மணலாகக் கண்ட மக்கள் அதனை வானத்திலிருந்து பொழிந்தது என்று பேரர்க்குச் சொல்லியிருத்தல் இயல்பே. எனினும் இது ஊகம். ஊகத்தைச் சோதிக்கும் வழி மண்ணாய்விலே உண்டு. காற்றுக் கொணர்ந்த மணல் சலித்தெடுத்தாற்போல் ஒரே பருமனுடையது. உருண்டு, தேய்ந்து, மங்கிய மேனியுடையது. வெள்ளம் இட்ட படிவில் பரல் அடியிலும் வண்டல் மேலுமாக அடுக்கு அமையும். காக்காய்ப்பொன் தகடுகள் மின்னும். மக்கள் வாழ்ந்த அடுக்கிலோ கரியும் எலும்பும் சாம்பலும் கலந்து, பாஸ்பேட்டு மிகுந்திருக்கும். இவற்றைப் பிரித்தறியத் தொல்லியலார் மட்டும் போதார். நிலவியலாரும் வேதியியலாரும் குழியில் உடன் இறங்கவேண்டும்.

தமிழகத்துக்கு இம்முறை புதிதன்று. திருநெல்வேலிச் சீமையின் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைச் செம்மணல் மேடுகளின் வரலாற்றோடும் பழைய கடல்மட்டத்தோடும் இணைத்து ஆராய்ந்து, நிலவியலறிஞர் சாய்னரும் தொல்லியலறிஞர் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் எழுதிய கட்டுரை 1956இல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் வெளிவந்தது. சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் முதலிய ஊர்கள் அவ்வாறே உலக அறிஞர்க்கு அறிமுகமாயின. 1863இல் புரூஸ் பூட் கண்ட அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அகழ்ந்து, நிலவியலார், இயற்பியலார் துணையோடு படிவுகளை ஆராய்ந்து, 2011இல் அவ்விடத்தின் கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று நிறுவினர்.

நம் வினாவுக்கு மிக அணுக்கமானது கீழடி. மணல் பரல் வெயில் பட்ட கணத்தில் தன் பழைய கணக்கை அழித்துக்கொள்ளும். புதைந்தபின் மீண்டும் ஆற்றலைச் சேர்க்கத் தொடங்கும். இவ்வியல்பைக் கொண்டு அங்குள்ள கட்டடங்களை மூடிய வைகை வெள்ளப் படிவைக் கணித்து, அது ஏறத்தாழ 1,150 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் தமிழகத் தொல்லியல் துறையினரோடு சேர்ந்து கண்டுள்ளனர். ஒரு பாண்டிநாட்டு ஊருக்கு ஆறே மணல் போர்த்திய செய்தி இவ்வாறு உறுதியாயிற்று.

உறையூரில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1965 முதல் 1969 வரை அகழ்ந்து கருப்பு சிவப்பு மட்கலங்கள், உரோமானியத் தொடர்புடைய ஓடுகள், தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள், சாயத்தொட்டி ஆகியவற்றை வெளிக்கொணர்ந்தனர். கே.வி. இராமனின் அறிக்கை 1988இல் அச்சேறியது. ஓடுகள் பேசவேண்டியதைப் பேசிவிட்டன. இனி அவற்றைச் சூழ்ந்த மண் பேசவேண்டும். காலமோ குறுகியது. பழைய ஊரின்மேல் புதிய ஊர் நெருங்கி நிற்கிறது. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுந்தோறும் ஓர் அடுக்கு வெளிப்பட்டு, மறுநாளே கற்காரையால் மூடப்படுகிறது.

ஆற்றங்கரையிலிருந்து வெக்காளியம்மன் கோயில் வரை ஒரே நேர்கோட்டில் ஏழெட்டுத் துளைகள் இட்டு மண் எடுத்தால் போதும். மணல் அடுக்கு கரையருகே தடித்தும் பருத்தும், கோயிலை நெருங்க மெலிந்தும் நுணுகியும் செல்லுமாயின் அது காவிரியின் செயல். எங்கும் ஒரே பருமனாய் நின்றால் காற்றின் செயல். மணல் அடுக்கே இல்லையெனில், அக்கதை எவ்வூரிலிருந்து உறையூருக்கு வந்தது என்பதைத் தேடவேண்டியிருக்கும்.