வாடகையா? சொந்தமா? ஒரு பழைய கணக்கு

மென்பொருளை விலைக்கு வாங்குவதா, மாதாமாதம் கட்டணம் கட்டுவதா? இந்தக் கேள்வி கிளவுட் வந்த பிறகு முளைத்ததல்ல. துளை அட்டைகள் காலத்திலேயே இருந்தது!

அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் பல ஆண்டுகள் தன் கணக்கிடும் இயந்திரங்களை விற்கவே இல்லை. வாடகைக்கு மட்டுமே கொடுத்தது. வாடிக்கையாளருக்கு இதில் வசதி உண்டு: பெரிய முதலீடு வேண்டாம், பழுது பார்ப்பது ஐ.பி.எம். பொறுப்பு. ஆனால் எத்தனை வருடம் கட்டினாலும் இயந்திரம் சொந்தமாகாது.

1952-ல் அமெரிக்க அரசு வழக்குத் தொடர்ந்தது. 1956-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஐ.பி.எம். இயந்திரங்களை விற்கவும் வேண்டியதாயிற்று. கணக்காளர்களுக்குத் தலைவலி அப்போதுதான் தொடங்கியது. வாங்கினால் சில வருடங்களில் வாடகை மிச்சம். அதற்குள் புது மாடல் வந்துவிட்டால்?

வந்தது. 1964-ல் சிஸ்டம்/360. சில குத்தகை நிறுவனங்கள் அதை வாங்கி, ஐ.பி.எம்.மைவிடக் குறைந்த வாடகைக்கு விட்டன. 1970-ல் சிஸ்டம்/370 வந்ததும், பழசாகும் நஷ்டம் அவர்கள் தலையில் விழுந்தது.

மென்பொருள்? அது இயந்திரத்தோடு சேர்ந்தே வந்தது. 1969 ஜூனில்தான் பல புரோகிராம்களுக்குத் தனி விலை வைப்பதாக ஐ.பி.எம். அறிவித்தது. மென்பொருள் தனித் தொழிலாக வளர அது வழி திறந்தது. ஒருமுறை பணம் கட்டி உரிமம் வாங்கும் பழக்கமும் பிறகு பரவியது. 2013-ல் அடோபி, போட்டோஷாப்பின் புதிய பதிப்புகள் சந்தாவுக்கு மட்டுமே என்றபோது, சக்கரம் ஒரு சுற்று வந்துவிட்டது.

மாதத் தொகை சிறிதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை வருடம் தேவைப்படும்? பழசானால் நஷ்டம் யாருக்கு? 1956-ல் கணக்காளர்கள் போட்ட கணக்கும் இதுதான்.