விண்வெளியில் பொருள் தயாரிப்பும் மீட்பும்

பூமியைச் சுற்றிவரும் கலத்துக்குள் ஒரு பொருளை உருக்கியோ படிகமாக்கியோ, அது கெடாமல் தரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் தொழில்நுட்பம். சுற்றுப்பாதையில் கலமும் அதிலுள்ளவையும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை. உருகிய உலோகத்தின் சூடான பகுதி மேலே எழாது. கனமான துகள் அடியில் படியாது. தரையில் கிடைக்காத சீரான கலவைகளும் படிகங்களும் அங்கே உருவாக இதுவே காரணம்.

1969 அக்டோபரில் சோவியத் நாட்டின் சோயுஸ்-6 கலத்தில் முதல் விண்வெளிப் பற்றவைப்பு நடந்தது. 1973இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் நிலையத்தில் உலைகள் இயங்கின. சந்தைக்கு வந்த முதல் சரக்கு, விண்ணோடங்களில் உருவாக்கிய நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகள். ஒவ்வொன்றும் 10 மைக்ரோமீட்டர் விட்டம். நுண்ணோக்கிகளைச் சரிபார்க்கும் அளவுகோலாக 1985 முதல் அவை விற்கப்பட்டன. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. இறக்குகூலியைத் தாங்கும் விலையுள்ள சரக்குதான் மலையிறங்கும். விண்வெளிக்கும் அதே கணக்குதான்.

இந்தியாவின் தொடக்கம் 1984 ஏப்ரலில். சல்யூட்-7 நிலையத்தில் தங்கியிருந்தபோது ராகேஷ் சர்மா செய்த ஆய்வுகளில், வெள்ளி–ஜெர்மானியம் கலவையை உருக்கிக் குளிரவைப்பதும் ஒன்று. ஆனால் போனதும் வந்ததும் சோவியத் கலத்தில்.

சொந்தக் கலத்தில் செய்து, சொந்தமாகவே மீட்ட முயற்சி எஸ்ஆர்இ-1. சுமார் 550 கிலோ எடையுள்ள இந்தக் கலத்தை 2007 ஜனவரி 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி7 ஏவியது. அதே ராக்கெட்டில் கார்ட்டோசாட்-2 உள்ளிட்ட மூன்று செயற்கைக்கோள்களும் சென்றன. எஸ்ஆர்இ-1இல் இரண்டு ஆய்வுகள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் பங்கேற்று வடிவமைத்த உலை, உலோகத்தை உருக்கிப் படிகமாக்கியது. ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் கருவி, உடலுக்குள் பொருத்தும் பொருட்களை மேம்படுத்தும் நோக்கில் நுண்படிகங்களை வளர்த்தது.

உண்மையான சோதனை உலையில் அல்ல, திரும்பும் வழியில் இருந்தது. ஜனவரி 19 அன்று, 637 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாக இருந்த பாதை நீள்வட்டமாக மாற்றப்பட்டது. 22ஆம் தேதி காலை கலத்தைத் திருப்பி நிறுத்தி, எந்திரத்தைப் பத்து நிமிடம் இயக்கி வேகத்தைக் குறைத்தனர். 9.37 மணிக்கு விநாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் அது அடர்ந்த காற்றுமண்டலத்துக்குள் நுழைந்தது. எரியாமல் காத்தவை, கார்பன் ஃபினாலிக் மூக்குக் கவசமும் சிலிக்கா ஓடுகளும். 5 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 101 மீட்டராகச் சுருங்கிய வேகத்தைப் பாராசூட்டுகள் 12 மீட்டராக்கின. 9.46 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில், வங்கக் கடலில் கலம் விழுந்தது. மிதவைகள் தாங்கிப் பிடிக்க, கடலோரக் காவல்படையும் கடற்படையும் மீட்டன. முதல் முயற்சியிலேயே இது கைகூடியது சாதாரணமல்ல.

ஆனால் அந்தத் தடம் நீளவில்லை. அடுத்ததாகத் திட்டமிட்ட எஸ்ஆர்இ-2 ஏவப்படவே இல்லை. வெப்பக் கவசத்திலும் மீட்பிலும் கற்றது மனிதரை அனுப்பும் திட்டத்துக்குப் போனது. 2014 டிசம்பர் 18 அன்று அந்தமான் பக்கக் கடலில் இறங்கிய சோதனைக்கலம் அந்த வரிசையைச் சேர்ந்தது. அது சுற்றுப்பாதைக்குப் போகாமலே திரும்பியது. பொருள் தயாரிப்பும் அதன் வேலை அல்ல.

வெளிநாட்டில் இத்துறை தனியார் கைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் வார்டா நிறுவனம் 2023 ஜூனில் ஏவிய கலம், எச்ஐவி மருந்தான ரிட்டோனாவிரின் படிகங்களை விண்ணிலேயே உருவாக்கியது. தரையிறங்க அனுமதி கிடைக்கத் தாமதமானதால் பல மாதங்கள் வெறுமனே சுற்றி, 2024 பிப்ரவரி 21 அன்றுதான் யூட்டாவில் இறங்கியது.

இந்தியாவில் 2022 முதல் பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டமே போயம் என்ற பெயரில் ஆய்வுத் தளமாகப் பயன்படுகிறது. அதில் ஆய்வு செய்வோருக்குத் தரவு மட்டுமே வந்து சேரும். விண்ணில் செய்த பொருளைக் கையில் வாங்கிப் பார்க்க, போயமில் வழியில்லை.