காம்ரேட்ஸ் மாரத்தான்: கணக்கில் வந்தவர்களும் வராதவர்களும்

காம்ரேட்ஸ் மாரத்தான் என்பது தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், கடற்கரை நகரான டர்பனுக்கும் உள்நாட்டு நகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடைபெறும் நெடுந்தொலைவு ஓட்டமாகும். இது 1921ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் முதன்முதலாக நடத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1941 முதல் 1945 வரையிலும், கொரோனா காலத்தில் 2020, 2021 ஆகிய ஆண்டுகளிலும் நடைபெறவில்லை. சாலையில் ஏற்படும் மாற்றங்களைப் பொறுத்து இதன் தொலைவு ஏறத்தாழ 87 முதல் 90 கிலோமீட்டர் வரை இருக்கும். வழக்கமான மாரத்தான் 42.195 கிலோமீட்டர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தமிழ் வாசகர்களுக்குப் புதிய ஊரன்று. 1893இல் காந்தியடிகள் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டது இந்த ஊர் ரயில் நிலையத்தில்தான். தில்லையாடி வள்ளியம்மை அடைக்கப்பட்டிருந்ததும் இவ்வூர்ச் சிறையில்தான். 1860 முதல் நட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இவ்விரு நகரங்களிலும் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். அவர்களும் ஆப்பிரிக்கர்களும் இந்த ஓட்டத்தில் முறைப்படி கலந்துகொள்ள 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தோற்றம்

இந்த ஓட்டத்தைத் தொடங்கியவர் விக் கிளாப்பம் என்னும் ரயில் எஞ்சின் ஓட்டுநர். இலண்டனில் பிறந்து சிறுவயதிலேயே பெற்றோருடன் தென்னாப்பிரிக்காவுக்குக் குடியேறியவர். முதல் உலகப் போரில் காலாட்படை வீரராகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் போரிட்டார். அங்குப் படைகள் கடும் வெயிலிலும் நோயிலும் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் தொலைவு நடந்தன. உடன் நடந்தவர்களில் பலர் திரும்பவில்லை. மாண்ட தோழர்களுக்குக் கல்லில் நினைவுச்சின்னம் எழுப்புவதைக் காட்டிலும், அவர்கள் பட்ட உடல் வருத்தத்தை ஆண்டுக்கு ஒருநாளேனும் உயிரோடிருப்பவர்கள் பட்டுப்பார்ப்பதே பொருத்தமான அஞ்சலி என்று கிளாப்பம் கருதினார். ‘காம்ரேட்ஸ்’ என்னும் சொல் இங்குப் போர்த் தோழர்களைக் குறிக்கிறது. பொதுவுடைமை இயக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அவர் முன்னாள் படைவீரர் சங்கத்திடம் அனுமதி கேட்டார். பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களாலேயே இயலாத தொலைவு என்று சொல்லிச் சங்கம் மறுத்தது. கடைக்காரர்களையும் எழுத்தர்களையும் போர்க்களத்துக்கு அனுப்பி ஆயிரக்கணக்கான மைல் நடக்கவைக்க முடிந்தபோது இது ஏன் முடியாது என்பது கிளாப்பத்தின் வாதம். பலமுறை மறுத்தபின் 1921இல் சங்கம் இசைந்தது. செலவுக்கென ஒரு பவுண்டு கொடுத்தது. அதுவும் திருப்பித் தரவேண்டிய பணம்.

அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர மண்டபத்தின் முன்னிருந்து 34 பேர் புறப்பட்டனர். சாலையின் பெரும்பகுதி மண்சாலை. 16 பேர் மட்டுமே டர்பன் சேர்ந்தனர். பில் ரோவன் என்னும் விவசாயி 8 மணி 59 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். வென்றவர்களின் நேரங்களில் இன்றுவரை இதுவே மிக மெதுவானது. ஆனால் அவருக்கு முன்னால் யாரும் அந்தச் சாலையை ஓடிக் காட்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே இதை மதிப்பிட வேண்டும்.

ஏற்றமும் இறக்கமும்

பொதுவாக ஓட்டத்தின் திசை ஆண்டுக்கு ஆண்டு மாறும். டர்பனிலிருந்து புறப்பட்டால் ஏற்ற ஓட்டம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து புறப்பட்டால் இறக்க ஓட்டம். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உயரும் இந்தச் சாலையில் கவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இஞ்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் ஆகிய ஐந்து குன்றுகள் பெயர் பெற்றவை. ஏற்ற ஓட்டத்தில் கடைசிக் குன்றான பாலி ஷார்ட்ஸ் வரும்போது கால்கள் ஏற்கனவே ஓய்ந்திருக்கும். இறக்கம் எளிது என்று புதியவர்கள் எண்ணுவதுண்டு. உண்மையில், இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைத் தொடைத் தசைகள் நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருப்பதால் தசைநார்கள் அதிகம் சேதமடைகின்றன. இறக்க ஓட்டம் முடித்தவர்கள் மறுநாள் மாடிப்படியில் பின்புறமாக இறங்குவது கேலிக்குரிய காட்சியாகத் தோன்றினாலும் அதற்குக் காரணம் இதுவே.

நியூட்டனும் பயிற்சியும்

சாமானியர்களின் ஓட்டப் பயிற்சி வரலாற்றில் ஆர்தர் நியூட்டனுக்குத் தனி இடம் உண்டு. நட்டாலில் விவசாயம் செய்துவந்த அவர், 1922இல் தம் முதல் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 39. அவர் ஓட வந்த காரணம் விசித்திரமானது. அவருடைய பண்ணையைச் சுற்றியிருந்த நிலங்களை அரசு ஆப்பிரிக்கர்களின் குடியிருப்புக்கென ஒதுக்கியது. தம் நிலத்தின் மதிப்பு போய்விட்டதாகக் கருதிய நியூட்டன் இழப்பீடு கேட்டார், கிடைக்கவில்லை. புகழ் பெற்ற ஒருவரின் குறைக்கு நாடு செவிசாய்க்கும் என்று எண்ணி ஓடத் தொடங்கினார். ஆப்பிரிக்கர்கள் அருகில் குடியேறுவதைக் குறையாகச் சொல்ல ஓடியவருக்கு இடம் கிடைத்தது. அந்த ஆப்பிரிக்கர்களுக்கு ஓடவே இடமில்லை. நியூட்டனைப் போற்றும் நூல்கள் இந்த முரணைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகின்றன.

சில மாதப் பயிற்சியிலேயே அவர் 1922 ஓட்டத்தை வென்றார். 1923இல் டர்பனை 6 மணி 56 நிமிடத்தில் அடைந்து, ரோவனின் நேரத்தைவிட இரண்டு மணி நேரம் குறைத்துக்காட்டினார். 1924, 1925, 1927 ஆண்டுகளிலும் அவரே வென்றார். இழப்பீடு கிடைக்காமலே 1925இல் ரொடீசியாவுக்குக் குடிபெயர்ந்தார்.

அவர் விட்டுச்சென்றது பயிற்சி முறை. அக்கால ஓட்டக்காரர்கள் உடலைக் களைப்படையவிடாமல் சேமித்துவைக்க வேண்டும் என்று நம்பி, நடையிலும் சிறு ஓட்டங்களிலும் பயிற்சி செய்தனர். நியூட்டன் அதற்கு நேர்மாறாக, நாள்தோறும், மூச்சிரைக்காத மெதுவான வேகத்தில், நெடுந்தொலைவு ஓடினார். உடல் வேலைக்கேற்பப் பழகிக்கொள்ளும், அவசரப்படுத்தினால் உடையும் என்பதே அவர் எழுதிய நூல்களின் சாரம். இன்று சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அதிகாலையில் பேசிக்கொண்டே ஓடிப் பழகுபவர்கள், நியூட்டனின் பெயரை அறியாமலே அதே வழியில் செல்கின்றனர்.

எல்லாரும் நியூட்டனைப் போல் ஓடவில்லை. 1922 ஓட்டத்துக்கு முந்தைய நாள் நியூட்டன் தங்கியிருந்த வீட்டுக்காரர் பில் பெய்ன். பள்ளி ஆசிரியரான இவர் தென்னாப்பிரிக்க ரக்பி அணிக்கு ஆடியவர். விருந்தினரின் தூண்டுதலால் பயிற்சியே இல்லாமல், ரக்பிக் காலணியுடன் ஓடவந்து, வழியில் நின்று உணவருந்திவிட்டு எட்டாவதாக வந்து சேர்ந்தார். மறுநாள் ரக்பி ஆட்டத்துக்கும் போனார். மாணவர்கள் இவரைப் பின்பற்றாமல் நியூட்டனைப் பின்பற்றுவது கால்களுக்கு நல்லது.

1931இல் 19 வயதில் வென்ற பில் மாஸ்டர்டன்-ஸ்மித் இன்றும் மிக இளைய வெற்றியாளராக அறியப்படுகிறார். 1933இல் கேப்டவுனிலிருந்து வர ரயில் கட்டணத்துக்குப் பணமில்லை. மிதிவண்டியில் நாட்டைக் கடந்து வந்து ஓடிப் பத்தாவதாக முடித்தார். இரண்டாம் உலகப் போரில், 1942இல் டோப்ரூக்கில் கொல்லப்பட்டார். போரில் மாண்டவர்களின் நினைவாகத் தொடங்கிய ஓட்டத்தின் வெற்றியாளர் ஒருவரே அடுத்த போரில் மாண்டார்.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

தொடக்க விதிகளின்படி வெள்ளை இன ஆண்கள் மட்டுமே பங்கேற்கலாம். 1923இல் பிரான்சஸ் ஹேவர்ட் என்னும் பெண் விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. ஆயினும் அவர் ஓடினார். 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பதக்கம் தரப்படவில்லை. உடன் ஓடியவர்களும் பார்வையாளர்களும் சேர்ந்து அவருக்கு வெள்ளித் தேநீர்க் கலங்களைப் பரிசளித்தனர். 1930களின் தொடக்கத்தில் ஜெரால்டின் வாட்சன் என்ற ஆசிரியை ஏற்றம், இறக்கம் இரண்டையும் முடித்த முதல் பெண்ணானார். அவருடைய பெயரும் அதிகாரபூர்வப் பட்டியலில் ஏறவில்லை.

1935இல் ராபர்ட் முட்சாலி என்னும் ஆப்பிரிக்கர் பதிவின்றி ஓடி 9 மணி 30 நிமிடத்தில் முடித்தார். அந்த நேரம் முதல் வெற்றியாளர் ரோவனுடையதைவிட அரைமணிதான் கூடுதல். பின்வந்த ஆண்டுகளிலும் ஆப்பிரிக்கர்கள் எண் இல்லாத சட்டையுடன் ஓடிவந்தனர். அவர்களைச் சாலையிலிருந்து யாரும் இழுத்துவிடவில்லை. முடிவுக் கோட்டில் அவர்களின் நேரத்தை எழுதிக்கொள்ளவும் யாரும் இல்லை.

1975இல், ஐம்பதாவது ஓட்டத்தின்போதுதான் எல்லா இனத்தவருக்கும் பெண்களுக்கும் வாயில் திறந்தது. உலக விளையாட்டு அரங்கிலிருந்து தென்னாப்பிரிக்கா ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. எனவே இதை வெறும் பெருந்தன்மையாகக் கொள்வதற்கில்லை. லெசோத்தோவைச் சேர்ந்த வின்சென்ட் ராகாபேலே அவ்வாண்டு 20ஆவதாக வந்து, அதிகாரபூர்வமாகப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். எலிசபெத் கவானா பதிவுபெற்ற முதல் பெண் வெற்றியாளர். கறுப்பினத்தவர் ஒருவர் முதலிடம் பெற மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1989இல் சாம் ட்ஷபலாலா அதைச் சாதித்தார்.

இடையில் 1981இல் ஒரு நிகழ்வு. நிறவெறி அரசு தன் குடியரசின் இருபதாம் ஆண்டு விழாவோடு ஓட்டத்தை இணைத்துக்கொண்டது. புரூஸ் ஃபோர்டைஸ் என்னும் இளைஞரும் வேறு சிலரும் எதிர்ப்புத் தெரிவித்துக் கையில் கறுப்புப் பட்டை அணிந்து ஓடினர். கூட்டத்தினர் ஏளனம் செய்தனர், தக்காளியும் எறிந்தனர். ஃபோர்டைஸ் வென்றார். அவர் மொத்தம் ஒன்பது முறை வென்றவர்.

ஓட்டம் நடக்கும் நாள்கூட அரசியலைக் காட்டுகிறது. தொடக்கத்தில் பிரிட்டிஷ் பேரரசு நாள். பிறகு மே 31, குடியரசு நாள். 1995 முதல் ஜூன் 16, அதாவது 1976ஆம் ஆண்டு சோவெட்டோ மாணவர் எழுச்சியை நினைவுகூரும் இளைஞர் நாள். அந்நாளின் பொருளை ஓட்டம் மறைத்துவிடுகிறது என்ற எதிர்ப்பினால் 2007 முதல் நாள் மாற்றப்பட்டது.

அமெச்சூர் என்னும் விதி

பணத்துக்காக ஓடாதவரே அமெச்சூர் என்ற விதி ஒருகாலத்தில் கடுமையாகப் பின்பற்றப்பட்டது. ஐந்து முறை வென்ற வாலி ஹேவர்ட், 1953இல் இங்கிலாந்து சென்று ஓடுவதற்குப் பயணச் செலவுக்காக நன்கொடை பெற்றார். அதற்காகவே அவரைத் தொழில்முறை வீரர் என்று அறிவித்து அமெச்சூர் போட்டிகளிலிருந்து விலக்கினர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் மாரத்தானில் பத்தாவதாக வந்தவருக்கு நேர்ந்தது இது. வசதி படைத்தவர்களுக்கே நன்றாகப் பொருந்திய விதி என்றே சொல்லத் தோன்றுகிறது. ஹேவர்ட் பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பிவந்தார். 1988இல், 79 வயதில், 9 மணி 44 நிமிடத்தில் ஓட்டத்தை முடித்தார். மறு ஆண்டு 80 வயதில், வாயில் மூட இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது தள்ளாடியபடி முடிவுக் கோட்டைக் கடந்தார்.

1995இல் பரிசுத்தொகை வந்தது. அதனோடு புதிய சிக்கல்களும் வந்தன. 1999இல் உருவ ஒற்றுமையுள்ள சகோதரர் இருவர், வழியிலிருந்த கழிப்பறையில் உடை மாற்றிக்கொண்டு மாறி மாறி ஓடி ஒன்பதாவது இடம் பெற்றனர். ஒரு புகைப்படத்தில் கைக்கடிகாரம் வலக்கையிலும் மற்றொன்றில் இடக்கையிலும் இருந்ததால் பிடிபட்டனர்.

இன்றைய ஓட்டம்

கலந்துகொள்பவர்களில் பரிசுத்தொகைக்காக ஓடுபவர்கள் ஒரு கைப்பிடியினரே. மற்றவர்கள் வேலைக்குச் செல்பவர்கள். முன்னதாக ஒரு மாரத்தானைக் குறித்த நேரத்துக்குள் முடித்துத் தகுதி பெற வேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே விடியுமுன் எழுந்து பயிற்சி செய்கின்றனர். புறப்பாட்டின்போது சேவல் கூவும் ஒலி ஒலிபரப்பப்படுகிறது. 1948இல் மேக்ஸ் டிரிம்போர்ன் என்பவர் துப்பாக்கிக்குப் பதிலாகச் சேவலைப் போல் கூவியதன் தொடர்ச்சி இது. வழிநெடுக உப்பிட்ட உருளைக்கிழங்கும் ஆரஞ்சும் வாழைப்பழமும் தருகின்றனர். பாதி வழியில், நியூட்டன் இளைப்பாறிய இடம் என்று சொல்லப்படும் பாறைக்குழிவில் பூ வைத்து வணங்கிச் செல்பவர் பலர். பத்து முறை முடித்தவருக்கு அவருடைய எண் நிரந்தரமாக உரியதாகிறது. அது பச்சை எண் எனப்படும்.

1928 முதல் 11 மணி நேரமாக இருந்த கெடு, 2000இல் ஒருமுறையும் 2003 முதல் நிலையாகவும் 12 மணி நேரமாக்கப்பட்டது. கெடு முடியும் நொடியில், ஓடிவருபவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒருவர் துப்பாக்கியால் சுடுகிறார். யார் எவ்வளவு அருகில் வந்துவிட்டார் என்பதைக் கண்டு அவர் தயங்கிவிடக் கூடாது என்பதற்காகவே முதுகு காட்டும் ஏற்பாடு. அத்துடன் வாயில் அடைக்கப்படுகிறது. 12 மணி நேரம் ஓடி ஒரு நொடி பிந்தியவரின் பெயரும் முடித்தவர் பட்டியலில் வராது.

முடிக்கும் நேரத்துக்கேற்பப் பல பதக்கங்கள் உள்ளன. பதினொன்று முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு விக் கிளாப்பம் பதக்கம். ஒன்பது மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கானது பில் ரோவன் பெயரில் அமைந்தது. 2019இல் புதிதாக ஒரு பதக்கம் சேர்க்கப்பட்டது. ஒன்பது முதல் பத்து மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு அது வழங்கப்படுகிறது. அதன் பெயர் ராபர்ட் முட்சாலி பதக்கம்.