இகரம் எங்கே போனது?

1990களின் இறுதியில் கணினியில் தமிழ் எழுதிப் பழகியவர்கள் சிலருக்கு ஒரு விநோதம் நேர்ந்தது. நேற்றுவரை ஒழுங்காகத் தெரிந்த கோப்பில் இகரம் மட்டும் காணாமல் போயிருக்கும். ‘இங்கே’ என்று அடித்த இடத்தில் ‘ங்கே’, ‘இல்லை’ இருந்த இடத்தில் ‘ல்லை’. மற்ற எழுத்துகள் எல்லாம் அப்படியே இருக்கும். கோப்பு கெடவில்லை, எழுத்துருவிலும் பழுதில்லை. தமிழுக்கான திஸ்கி குறியாக்கத்தில் ‘இ’ உட்கார்ந்திருந்த 173ஆம் இடம், மேற்கத்திய எழுத்துப் பட்டியலில் மென் இணைப்புக்குறிக்கு உரியது. வரி உடையும் இடத்தில் மட்டும் தலைகாட்டி, மற்ற நேரங்களில் மறைந்திருக்க வேண்டிய குறி அது. இந்த விதி தெரியாத மென்பொருள் இகரத்தைக் காட்டியது. விதியைப் படித்துத் தெரிந்துகொண்ட மென்பொருள் மறைத்தது. மென்பொருள் திருந்தியதும் தமிழ் கெட்டது என்று சொல்லலாம். கடைசியில் திஸ்கியின் 1.7ஆம் பதிப்பில் இகரத்துக்கு இன்னோர் இடமும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

சென்னையில் அடையாறிலிருந்து தரமணிவரை யுனிக்ஸும் லினக்ஸும் வேரூன்றிய கதையில் இதுபோன்ற சம்பவங்கள் நிறைய. இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் காலை எதுவோ ஓடாது. யாராவது உட்கார்ந்து துருவிப் பார்த்தால், உடைந்த பாகம் என்று ஒன்றும் அகப்படாது. வட்டில் கிடக்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்று இரண்டு அடுக்குகளுக்கு இடையே இருந்த உடன்பாடுதான் மாறியிருக்கும். ஆங்கிலத்தில் மட்டுமே வேலை செய்தவர்களுக்கு இந்த மாற்றம் கண்ணில் படாமலே போனது. தமிழில் எழுதியவர்கள் ஒவ்வொரு முறையும் அதில் இடறினார்கள்.

இந்தப் பகுதிக்குக் கணினி புதிதல்ல. கிண்டி காட்டை ஒட்டிய ஐஐடி வளாகத்துக்கு 1973இலேயே ஐபிஎம் 370 வந்துவிட்டது. 1986இல் தொடங்கிய எர்னெட் கல்வி வலையமைப்பில் ஐஐடி மெட்ராஸும் இருந்தது. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் வழியாக. மாணவர்களுக்கான மலிவு விலைக் கணக்கில் படமோ வண்ணமோ கிடையாது. தொலைபேசியில் இணைந்தால் யுனிக்ஸ் எழுத்துத் திரை மட்டும் வரும். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் யுனிக்ஸ் கட்டளை அடித்தது அப்படித்தான், அதன் பெயர் யுனிக்ஸ் என்று தெரியாமலே.

வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் வந்தது குறுந்தகட்டில். ‘பிசி குவெஸ்ட்’ இதழ் இலவச இணைப்பாகத் தந்த தகடுகள் கைமாறிக்கொண்டே இருந்தன. இணையம் நிமிடக் கணக்கில் காசு கேட்ட காலம்; பல நூறு எம்பியைத் தொலைபேசிக் கம்பியில் இறக்கிக்கொள்ள யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே புதுப்பித்தல் என்றால் அடுத்த தகடு வரும்வரை காத்திருப்பது. வந்ததும் பாதிப்பேர் ‘ஃபார்மட் அடித்து’ முதலிலிருந்து நிறுவினார்கள். விவரம் தெரிந்தவர்கள் தம் சொந்தக் கோப்புகளுக்கு வட்டில் தனிப் பகுதி பிரித்து வைத்திருந்தார்கள்.

அன்றைய கோளாறுகளில் இரண்டு எல்லோருக்கும் பரிச்சயம். ஒன்று, கெர்னலை மாற்றிவிட்டு, அதை ஏற்றித் தொடக்கிவைக்கும் லைலோவின் கட்டளையை மறுபடி ஓட்ட மறப்பது. மறந்தால் கணினி மறுமுறை எழும்போது சில நேரம் ‘எல் ஐ’ என்ற இரண்டு எழுத்தை மட்டும் காட்டி நின்றுவிடும். ‘எல் ஐ எல் ஓ’ என்ற நான்கெழுத்தில் எத்தனை வந்தது என்பதை வைத்தே எந்தக் கட்டத்தில் சிக்கியது என்று சொல்லிவிடலாம். இரண்டாவது, மோடம். பெட்டிக்குள்ளேயே செருகிய மலிவு மோடங்களின் இயக்கி குறிப்பிட்ட கெர்னலுக்கென்றே தொகுக்கப்பட்டது. 2001 ஜனவரியில் 2.4 கெர்னல், 2003 டிசம்பரில் 2.6. ஒவ்வொரு தாவலிலும் மோடம் ஊமையாகிவிடும். தீர்வு இணையத்தில் இருக்கிறது, இணையத்துக்குப் போக மோடம் வேண்டும்! அப்போது வண்டியை எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்கோ மின்னணுக் கடைகள் நிறைந்த ரிட்சி தெருவுக்கோ போவதுதான் வழி.

இன்னொரு வழியும் இருந்தது. சென்னை லினக்ஸ் பயனர் குழு, ஐஎல்யுஜிசி, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் ஐஐடி வளாகத்தில் விண்வெளிப் பொறியியல் துறை வகுப்பறையில் கூடியது. விண்கலம் பற்றிப் பாடம் நடக்கும் அறையில் ஒலி அட்டை ஏன் பேசவில்லை என்று விவாதம். பட்டம் பதவி பார்க்காமல் எவரும் உள்ளே வரலாம் என்பதே அதன் பலம். நகரத்தின் பழுதுபார்க்கும் அறிவு கையேடுகளைக் காட்டிலும் இப்படி வாய்வழியாகவே பரவியது.

தமிழ் எழுத்துகளின் சிக்கலுக்கு இணையாக ஓர் ஆராய்ச்சியும் அதே வளாகத்தில் நடந்தது. பேராசிரியர் ஆர். கல்யாணகிருஷ்ணனின் ஆய்வகத்தில் உருவான ‘ஆச்சார்யா’ பன்மொழித் தொகுப்பி, அசையை அலகாகக் கொண்ட சொந்தக் குறியாக்கத்தில் லினக்ஸிலும் இயங்கியது. வளாகத்துக்கு வெளியே நிலைமை சந்தைக் கூச்சல். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்த கு. கல்யாணசுந்தரம் இலவசமாகத் தந்த ‘மயிலை’ எழுத்துரு ஒரு குறியாக்கம். அவரும் பிறரும் கூடிப் பேசி வகுத்த திஸ்கி இன்னொன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் விளைவாகத் தாம், தாப் என்ற இரண்டு குறியாக்கங்களும், தமிழ்99 விசைப்பலகையும் அரசின் ஒப்புதல் பெற்றன. போதாததற்கு, அரசு அலுவலகங்களில் வானவில். விசைப்பலகை நிலைத்தது. குறியாக்கங்கள் ஒன்றையொன்று முழுதாக விரட்டவில்லை.

லினக்ஸ் உலகம் திஸ்கியை மரியாதையுடன் நடத்தியது என்பதைச் சொல்லியாக வேண்டும். கேடிஈ ஆர்வலர் ஹான்ஸ் பீட்டர் பீக்கர், க்யூடி நூலகத்துக்குத் திஸ்கி மாற்றியை எழுதித் தந்தார். ஜெர்மானியரான புரூனோ ஹைபிள் 2002இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சிக்கு ஒன்று எழுதினார். இருவருக்கும் தமிழோடு பிறவித் தொடர்பு கிடையாது. ஹைபிளின் மாற்றி இன்றும் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் ஓசையில்லாமல் இருக்கிறது. 25 ஆண்டுப் பழைய திஸ்கிக் கோப்பை ஐகன்வ் என்ற ஒற்றைக் கட்டளையால் யுனிகோடாக்கிவிடலாம். தமிழ் மென்பொருள் விற்ற நிறுவனங்கள் பலவும் செய்யாத கடமை இது.

பெரிய உடைப்பு 2002 செப்டம்பரில் வந்தது. ரெட் ஹாட் லினக்ஸ் 8.0, பெரும்பாலான மொழிகளுக்கு யுடிஎஃப்-8 குறியாக்கத்தை இயல்பாக்கியது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில் மேசை விரிப்புக் காகிதத்தில் கிறுக்கி உருவாக்கியதாகச் சொல்லப்படும் அதே குறியாக்கம்தான். பத்து ஆண்டில் அது மேசைக் கணினிவரை வந்துவிட்டது. வந்த வேகத்தில் பழைய கோப்புப் பெயர்கள் சிதைந்தன. அந்த வெளியீட்டில் இருந்த பெர்ல் 5.8 நிரல்கள் சில தடுமாறின. திஸ்கியில் எழுதிய தமிழ்க் கோப்பு, யுடிஎஃப்-8 கண்ணில் வெறும் செல்லாத பைட்டுகள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக வந்தது.

சென்னைவாசிகளுக்கு இது புரியாத சிக்கல் அல்ல. மாநகராட்சி வீடுகளுக்கு மறு எண் கொடுத்தபோது ‘பழைய எண் 14, புதிய எண் 27’ என்று வாசலில் இரண்டையும் எழுதி வைத்த ஊர் இது. தபால்காரர் எந்த எண்ணைப் பார்த்தாலும் கடிதம் சேர்ந்துவிடும். பைட்டுக்கு அந்த வசதி கிடையாது. தன் நெற்றியில் எந்தக் குறியாக்கம் என்று எழுதிக்கொள்ளாத வெறும் எண் அது. படிக்கும் மென்பொருள் ஊகிக்கவேண்டும். அமைப்புக் கோப்பில் ‘லேங்’ என்ற ஒரே வரியை மாற்றி, பழைய குறியாக்கத்துக்குத் திரும்பினால் உடனடி நிவாரணம். அன்று பலரும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் அப்படிச் செய்தவர் எழுதும் புதுக் கோப்பும் பழைய கணக்கிலேயே சேரும். சிக்கல் தீராமல் வளர்ந்தது.

அடுத்த பத்தாண்டில் அடுக்குகள் ஒவ்வொன்றாக மாறின. தட்டெழுத உதவிய ஸ்கிம் போய், 2009 ஜூனில் வெளியான ஃபெடோரா 11இல் ஐபஸ் வந்தது. புதுப்பித்த மறுநாள் தமிழ்99 விசைப்பலகையைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி சேர்க்கவேண்டிய வேலை பயனருக்கு. 2019இல் திரையில் எழுத்தை அமைக்கும் பாங்கோ நூலகம் பிட்மேப் எழுத்துருக்களைக் கைவிட்டபோது, பழக்கத்தால் அவற்றிலேயே இருந்தவர்களின் டெர்மினல் திரைகளில் கட்டங்கள் முளைத்தன.

அரசும் இந்த ஓட்டத்தில் சேர்ந்தது. 2007 ஜனவரியில், தரமணி டைடல் பார்க்கில் இயங்கிய சி-டாக் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் இயங்குதளத்தை வெளியிட்டது. அதே காலத்தில் நந்தனத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் தலைமையில் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் வந்தது. 2010 ஜூனில் யுனிகோடும், அனைத்து எழுத்துக் குறியாக்கமான டேஸ்16உம் அரசின் தரங்களாயின. இரண்டைத் தரமாக்கியது சமரசமாகத் தோன்றலாம். ஆனால் டேஸ்16 அமர்ந்திருப்பது யுனிகோடின் தனிப்பயன் பகுதியில். அங்கே எவரும் எதையும் வைத்துக்கொள்ளலாம், எந்த இயங்குதளமும் பொருள் சொல்லக் கடமைப்படவில்லை. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அது மறுபடியும் கட்டம்தான்.

எழுத்து சரியாகத் தெரிந்தால் எல்லாம் சரி என்று நம்பியவர்களை 2018 திருத்தியது. அந்த ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28, உலக மொழிகளின் அகரவரிசை விதிகளை மொத்தமாகப் புதுப்பித்தது. மறு ஆண்டு வந்த டெபியன் 10உம் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் 8உம் அதை ஏந்தி வந்தன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் தேடல் சுட்டுவரிசைகளை இயங்குதளத்தின் வரிசை விதியை நம்பியே அடுக்கியிருந்தது. சர்வரைப் புதுப்பித்ததும் விதி மாறியது, அடுக்கு பழையதாகவே நின்றது. இருக்கும் வாடிக்கையாளரைத் தேடினால் ‘இல்லை’ என்று பதில் வரலாம். ஒன்றே இருக்கவேண்டிய பதிவு இரண்டாக நுழைந்துவிடலாம். பிழைச் செய்தி எதுவும் வராது. இயங்குதளத்தை மாற்றியதும் சுட்டுவரிசைகளைப் புதிதாகக் கட்டுவது அதன்பிறகு நிர்வாகிகளின் சரிபார்ப்புப் பட்டியலில் ஏறிவிட்டது.

மயிலாப்பூருக்கென்றே ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது என்று தோன்றும். கோயில், மடம், சபா, கடை என எங்கு திரும்பினாலும் பெயருக்கு முன் ஒரு ஸ்ரீ. 2005இல் யுனிகோட் 4.1 தமிழுக்கு ஶ என்ற எழுத்தைச் சேர்த்தது. ஸ்ரீயை இனி அதைக்கொண்டு எழுதவேண்டும் என்றும் சொன்னது. அதுவரை எல்லோரும் ‘ஸ’வில் தொடங்கி எழுதியிருந்தார்கள், விசைப்பலகைகள் பலவும் அப்படியே தொடர்ந்தன. பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகத்தான் வரைகின்றன. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொல். உறுப்பினர் பட்டியலில் ஸ்ரீநிவாசன்கள் பாதிப்பேர் தேடலில் சிக்காமல் போனால், புதுப்பித்த இயங்குதளத்தைத் திட்டிப் பயனில்லை. தமிழ்த் தேடல் எழுதும் நிரலர்கள் ஒப்பிடுவதற்கு முன் ஒரு வடிவத்தை மற்றொன்றாக மாற்றும் ஒரு வரியைத் தாங்களே சேர்த்துக்கொள்கிறார்கள்.