நெல்லுக்குப் பேர்போன தஞ்சாவூருக்குக் கடலும் இருக்கு: பாக் விரிகுடாவில் மீன் வளம் ஏன் சுருங்குது?

தஞ்சாவூர்னு சொன்னதும் பெரிய கோவிலும் நெல் வயலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த மாவட்டத்துக்கு ஏறத்தாழ 45 கி.மீ. கடற்கரையும் இருக்கிறது. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் எல்லாம் அந்தக் கரையில்தான் இருக்கின்றன.

டெல்டாவில் ஜூன் மாதத்துக்கு இரண்டு தேதிகள் முக்கியம். குறுவைக்காக மேட்டூர் அணை திறக்கப்படும் வழக்கமான நாள் ஜூன் 12. மீன்பிடித் தடைக்காலம் முடிவது ஜூன் 14 நள்ளிரவு. வயலுக்குத் தண்ணீர் வருமா என்று விவசாயி மேட்டூரைப் பார்ப்பார். 61 நாள் கழித்து வலை போட்டால் மீன் விழுமா என்று மீனவர் கடலைப் பார்ப்பார்.

நாட்டு அளவில் பார்த்தால் கணக்கு நம்பிக்கையாகத்தான் தெரிகிறது. இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் ஆண்டுக்கு 53.1 லட்சம் டன் வரை மீன் எடுக்க முடியும் என்று 2018-ல் மதிப்பிடப்பட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 2024-ல் கரைக்கு வந்தது சுமார் 34.7 லட்சம் டன். அப்படியென்றால் இன்னும் நிறைய இருக்கே, பிறகென்ன பிரச்னை?

அந்த 53 லட்சம் டன், 20 லட்சம் சதுர கி.மீ.-க்கும் அதிகமான கடலுக்கான மொத்தக் கணக்கு. மல்லிப்பட்டினம் படகு எட்டக்கூடிய கடலில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது.

கோடியக்கரைக்கு வடக்கே, தெற்கே

டெல்டா கடற்கரையைக் கோடியக்கரை இரண்டாகப் பிரிக்கிறது. அதற்கு வடக்கே நாகப்பட்டினம் பக்கம் திறந்த வங்கக்கடல். கிழக்கே போகப் போக ஆழம்தான். கோடியக்கரையைத் தாண்டித் தென்மேற்கே திரும்பினால் பாக் விரிகுடா. தஞ்சாவூரின் கடல் முழுக்க இதற்குள்தான் அடங்குகிறது.

இது அகலமான ஒரு குளம் மாதிரி. பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. சூரிய ஒளி அடி வரைக்கும் போவதால் கடற்புல் செழிப்பாக வளர்கிறது. இறால் குஞ்சு, நீலக்கால் நண்டு, கணவாய், காரல் எல்லாம் வளரும் தொட்டில் அது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சேர்ந்த தொட்டில் இது. பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் அங்கேதான் கலக்கின்றன. காவிரித் தண்ணீர் நெல்லோடு நின்றுவிடுவதில்லை, அதன் கடைசிச் சொட்டு இறாலுக்கும் வேண்டும். கடலில் கலக்கும் தண்ணீரை 'வீண்' என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

கடற்பசு மேய்வதும் இந்தப் புல்வெளியில்தான். மீனவர்கள் இதை ஆவுளியா என்பார்கள். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பு, நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இழுவை மடி என்ன செய்யும்?

1950, 60-களில் அரசின் ஊக்கத்தோடு விசைப்படகுகள் பரவின. வெளிநாட்டில் இறாலுக்கு நல்ல விலை. இறால் இருப்பது கடலின் அடியில். எனவே தரையோடு இழுத்துவரும் இழுவை மடிதான் லாபம். ஆழ்கடலில் அந்த மடிக்கு நீண்ட தூரம் இருக்கிறது. பாக் விரிகுடாவில் அது திரும்பத் திரும்ப அதே கடற்புல்லைத்தான் உரசுகிறது.

மடியில் இறால் மட்டுமா ஏறும்? குஞ்சு மீன், பொடி நண்டு எல்லாமே ஏறும். இதற்குக் கரையில் 'சங்காயம்' என்று பேர். கோழித்தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் போகும். ஒரு வருஷம் விட்டிருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டிய மீன், கிலோ கணக்கில் அடிமாட்டு விலைக்குப் போகிறது.

சிறு மீனவர்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் நடந்த மோதல்களுக்குப் பிறகு வந்த ஏற்பாடுதான் பாக் விரிகுடாவின் நாள் பங்கீடு. திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மீதி 4 நாள் நாட்டுப்படகுக்கு. இதோடு, தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ன் கீழ், கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது.

எல்லைக்கோடு எங்கே வருது?

3 மைல் இந்தப் பக்கம் போச்சு. அந்தப் பக்கம் இலங்கை. 1974 ஒப்பந்தம் பாக் விரிகுடாவின் நடுவே கடல் எல்லைக்கோட்டைப் போட்டது. இடையில் மிஞ்சும் பட்டையில்தான் எல்லா விசைப்படகுகளும் போட்டிபோட வேண்டும்.

இலங்கையில் 1983 முதல் 2009 வரை போர் நடந்த காலத்தில், வடக்கு மாகாண மீனவர்கள் சுதந்திரமாகக் கடலுக்குப் போக முடியவில்லை. அந்தப் பக்கம் மீன் சேர்ந்தது. நம் படகுகள் அங்கே போய்ப் பழகின. போர் முடிந்து யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் திரும்பி வந்தபோது அவர்களுடைய வலைகளை நம் இழுவை மடிகள் அறுத்தன. 2017-ல் இலங்கை இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது. அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தையும் கடுமையாக உயர்த்தியது. கைது, படகு பறிமுதல் செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். இரண்டு கரையிலும் பாதிக்கப்படுவது தமிழ் மீனவர்கள்தான் என்பது அந்தச் செய்திகளில் பல நேரம் விட்டுப்போகிறது.

ஆழ்கடலுக்குப் போனால் என்ன?

2017-ல் மத்திய, மாநில அரசுகள் அதற்குத்தான் திட்டம் போட்டன. பாக் விரிகுடா இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகு வாங்கிக்கொள்ளலாம். ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50%, மாநில அரசு 20%, வங்கிக்கடன் 20%, மீனவர் கையிலிருந்து 10%. இலக்கு 2,000 படகுகள். அதன் பக்கத்தில்கூட திட்டம் போகவில்லை.

காரணம் புரியாதது இல்லை. காலையில் போய் மறுநாள் திரும்பிப் பழகிய குடும்பம், வாரக்கணக்கில் கடலில் தங்க வேண்டும். தூண்டில் தொழில் புதுசு. டீசல், ஐஸ் செலவு பல மடங்கு. மல்லிப்பட்டினத்துப் படகு சூரை தேடப் போக வேண்டுமென்றால், முதலில் இந்த ஆழமில்லாத விரிகுடாவைத் தாண்டியாக வேண்டும். அதோடு 2018 நவம்பரில் கஜா புயல் இங்கே ஏராளமான படகுகளை நொறுக்கிப்போட்டது. பழைய கடனே தீராதவர் புதுக் கடனுக்கு எப்படித் துணிவார்?

தடைக்காலத்தில் சந்தைக்கு மீன் எப்படி வருது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை விசைப்படகுகளுக்குத்தான். 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாள். மீனவக் குடும்பத்துக்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-ல் அறிவிக்கப்பட்டது. இரண்டு மாதத்துக்கு இந்தத் தொகைதான்.

நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும். அதனால்தான் மே மாதத்திலும் நண்டு, கணவாய், கொடுவா கொஞ்சம் வருகிறது, விலையும் ஏறியிருக்கும். மேற்குக் கடற்கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும். எனவே மே மாதம் தஞ்சாவூர் மீன் கடையில் நீங்கள் வாங்கும் மத்தி கேரளாவிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாகக்கூட இருக்கலாம். எந்த ஊர் மீன் என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் சொல்வார்.