மின்மினி முகாமின் தொண்டர்கள்

கனடா நாட்டு அல்பெர்ட்டா மாகாணத்தின் தலைநகர் எட்மன்டன். அந்நகரக் கல்லூரி ஒன்றில் ஆய்வுக்கூடப் பயிற்றுநராக விளங்கிய டெல்வின் விரீண்ட், தன்பால் ஈர்ப்புடையவர் என்னும் காரணத்தால் 1991ஆம் ஆண்டு பணியினின்று நீக்கப்பட்டார். மாகாணத்து மனித உரிமைச் சட்டம் இத்தகையோரைக் குறிப்பிடவில்லை. ஆகவே அவர்தம் முறையீடு ஏற்கப்படவில்லை. ஏழாண்டுப் போராட்டத்தின்பின், 1998 ஏப்ரல் 2ஆம் நாள், அச்சட்டத்தின் காப்பு அவர்களுக்கும் உண்டெனக் கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் திருந்திற்று. ஆயினும், பள்ளியில் எள்ளலுக்கு ஆளாகி, வீட்டிலும் வாய்திறக்க இயலாத பதினைந்து அகவைப் பிள்ளையின் அருகில் தீர்ப்பேடு வந்து அமருமா?

அதே நகரில், அல்பெர்ட்டாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆந்திரே கிரேஸ், கிறிஸ்டஃபர் வெல்ஸ் ஆகிய இருவரும் 2004இல் கோடை முகாம் ஒன்றைத் தொடங்கினர். மின்மினியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே, ஓரெழுத்து மாற்றி, அதற்குப் பெயராக்கினர். தன்பால் ஈர்ப்பினரும் திருநருமான இளையோர் அங்கே சில நாள் தங்குவர். நாடகமும் இசையும் ஓவியமும் கலந்துரையாடலுமாகப் பொழுது செல்லும். உடனிருந்து நடத்துவோருள் ஊதியம் பெறாத் தொண்டர் பலர். அவர்கள் அறிவுரை பகர்வதினும், இவ்வியல்புடைய ஒருவர் வளர்ந்து, தொழில் செய்து, மதிப்போடு வாழ இயலும் என்பதற்குக் கண்கண்ட சான்றாக நிற்பதே பெருந்தொண்டு எனலாம். முகாமுக்கு வந்த இளையோர் சிலர், பின்னாளில் தாமே தொண்டராகத் திரும்பினர். கால்கரி நகரிலும், அண்டை மாகாணமான சஸ்காச்சுவானிலும் இம்முகாம் பின்னர்க் கிளைத்தது.